பச்சைக்குள் சிவப்பு: பெயர்ப்பலகை இல்லாத தோட்ட டிராக்டரும் ஒன்பது வயது மெக்கானிக்கும்

நான்காம்கியர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்பதற்கு ஒரு விஷயம் வந்துவிட்டது.

கொட்டகையைக் காலி செய்த ஒருவரிடமிருந்து பழைய தோட்ட டிராக்டர் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. வயல் டிராக்டர் இல்லை. உட்கார்ந்து புல் வெட்டவும் சின்னக் கலப்பை இழுக்கவும் ஆகிற அளவு வண்டி. பெயர்ப்பலகை கிடையாது, அது இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைதான் மிச்சம். உடம்பெல்லாம் பச்சை, சக்கரம் மஞ்சள். பிரஷ்ஷால் அடித்த பெயிண்ட், பிரஷ் மயிர் இரண்டு மூன்று அதிலேயே ஒட்டிக் காய்ந்திருக்கிறது. எஞ்சின் இறுகிப்போய்ச் சுற்றவில்லை. எஞ்சின் தகட்டில் கோலர் என்று படிக்க முடிகிறது. மாடல் நம்பர் ‘கே1’, அப்புறம் தேய்ந்துபோன ஓர் எண், அப்புறம் மறுபடியும் 1. சீரியல் நம்பர் சுத்தமாக அழிந்துவிட்டது.

மகளுக்கு ஒன்பது வயது. இந்த வண்டியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவு. நோட்டு போட்டுவிட்டாள். முதல் பக்கத்தில் இரண்டு பத்தி: ‘தெரிஞ்சது’, ‘தெரியாதது’. இரண்டாவதில் பதினொரு வரி இருக்கிறது. முதல் வரி: “இது யாரு?”

எங்கே ஆரம்பிப்பது? அவள் கையில் எந்த வேலையைக் கொடுக்கலாம்?

ஓரெட்டு

பச்சையும் மஞ்சளும் என்றால் ஜான் டீர்தானே? 110ஆக இருக்கும். 1963ல் வந்தது, அவர்களுடைய முதல் தோட்ட டிராக்டர். அதிலும் கோலர் எஞ்சின்தான். இழை முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

நட்டுபோல்ட்டு

தம்பி ஓரெட்டு, நரி சாயத்தொட்டியில் விழுந்த கதை தெரியும்தானே. பச்சை பெயிண்ட் டப்பா யார் கைக்கும் கிடைக்கும். பிரஷ்ஷால் அடித்தது என்று அவரே சொல்கிறார்.

நான்காம்கியர், இதில் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் எஞ்சின். அந்தக் காலத் தோட்ட டிராக்டர் கம்பெனிகளில் பல எஞ்சினை வெளியிலிருந்து வாங்கின. 1961ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த கப் கேடட்டில் கோலர், ஜான் டீர் 110ல் கோலர், வீல் ஹார்ஸில் கோலர். அதனால் எஞ்சின் தகட்டை வைத்து எஞ்சின் யார் என்றுதான் சொல்லலாம், வண்டி யார் என்று சொல்ல முடியாது. நடுவில் யாராவது எஞ்சினையே மாற்றியிருந்தால் அதுவும் போச்சு.

வண்டியின் ஜாதகம் கியர்பெட்டியிலும் சட்டத்திலும்தான் இருக்கும். அவ்வளவு கனமான வார்ப்பை மாற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள். எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள்.

எஞ்சின் வண்டியின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறதா, குறுக்காகவா? பின்னால் சக்தி போவது தண்டு வழியாகவா, பெல்ட் வழியாகவா? கியர்பெட்டி ஒரே வார்ப்பா, இரண்டு பாதியா?

1963க்கு அப்புறம் வந்த கப் கேடட் என்றால் எஞ்சினிலிருந்து நேராகப் பின்னால் தண்டு ஓடும். அந்தக் கம்பெனி ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஃபார்மால் கப் என்ற சின்ன வயல் டிராக்டரின் கியர் சாமான்களைத்தான் இதன் பின்பக்கத்திலும் போட்டார்கள். பார்த்தாலே தெரிகிற கனம்.

அப்புறம், யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் பெயிண்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். இருக்கைக்கு அடியில், பேட்டரி தட்டுக்குக் கீழே. மேலே அடித்தவர் அங்கெல்லாம் குனிந்திருக்க மாட்டார்.

மழைக்காகிதம்

பெயிண்டை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம். அறுபதுகளின் வண்டி என்றால் அடியில் இருப்பது ஈயம் கலந்த பெயிண்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1978ல் அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டுக்கு ஈயக் கட்டுப்பாடு வந்தபோதுகூட, விவசாய, தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மறுபடி அடிக்கும் பெயிண்டுக்கு விலக்கு இருந்தது. அதனால் மேலே இருக்கிற பச்சையையும் நம்ப முடியாது.

பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். உலர்ந்த உப்புத்தாள், சாணைச் சக்கரம், ஹீட் கன் மூன்றும் அவள் பக்கத்தில் இருக்கும்போது கூடாது. பெயிண்டைக் கரைக்கும் களிம்பு தடவி ஈரமாகவே வழித்தெடுங்கள், அதையும் நீங்கள் செய்யுங்கள். வழித்ததைக் காகிதத்தோடு சுருட்டிக் கட்டி வையுங்கள். கை கழுவாமல் அவள் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பிரேக் பட்டையும் பழைய கேஸ்கெட்டும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், காற்று அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத் துணியே போதும்.

பயமுறுத்தவில்லை. நானும் என் பையனோடு இதே மாதிரி ஒன்றைப் பிரித்தவள்தான். முதல் வாரம் இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அந்த எரிச்சலில் எழுதுகிறேன்.

நான்காம்கியர்

நன்றி அக்கா. ஒரு சின்ன இடத்தில் களிம்பு தடவி நானே வழித்தேன். அவளைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தேன். தள்ளி நின்றவள் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது. “அப்பா, உள்ள சிவப்பு!”

நட்டுபோல்ட்டு ஐயா கேட்டவை: எஞ்சின் குறுக்காக இருக்கிறது. ஒரு பக்கத்தில் பெல்ட், அது நேராகக் கியர்பெட்டிக் கப்பிக்குப் போகிறது. கியர்பெட்டி வார்ப்பிரும்பு. நடுவில் நெடுக ஒரு கோடு, இரண்டு பாதியையும் சுற்றிலும் போல்ட்டால் சேர்த்திருக்கிறார்கள். வேர்க்கடலை ஓடு மாதிரி என்று நோட்டில் படம் போட்டிருக்கிறாள். முன்னே மூன்று கியர், பின்னே ஒன்று.

நட்டுபோல்ட்டு

கடலை ஓடு! அப்படியென்றால் கதை தெளிவு. சிவப்பு, குறுக்கு எஞ்சின், இரண்டு பாதி வார்ப்பிரும்புக் கியர்பெட்டி. உங்கள் வீட்டில் நிற்பது வீல் ஹார்ஸ். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊர்க்காரன். 1986 கடைசியில் டோரோ கம்பெனி அதை வாங்கிவிட்டது.

மகளுக்கு ஒரு புதிர் கொடுங்கள். அறுபதுகளில் அவர்கள் வைத்த மாடல் நம்பரிலேயே விஷயம் இருக்கிறது. 702 என்றால் 7 குதிரைசக்தி, 1962. 552 என்றால் 5.5 குதிரைசக்தி, அதே 1962. 1054 என்றால் 10 குதிரைசக்தி, 1964. கடைசி எண்தான் வருடம். பானட்டின் பக்கவாட்டில் இந்த எண் ஸ்டிக்கராக இருந்திருக்கும். பச்சைக்கு அடியில் அது இன்னும் இருந்தால் வண்டி தன் வயதைத் தானே சொல்லிவிடும். பானட்டை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அவசரத்தில் அந்த ஸ்டிக்கரையும் சேர்த்து வழித்துவிட்டுப் பிறகு தலையில் கைவைத்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

எஞ்சினுக்கும் இதே மாதிரி ஒரு புதிர் உண்டு. தேய்ந்த எண் 4, 6, 8 மூன்றில் ஒன்று. கே141, கே161, கே181. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி முகம். ஆனால் முதல் இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 2.5 அங்குலம், கே181ல் 2.75. ஹெட்டைக் கழற்றினால் வெர்னியர் வைத்து அளந்துவிடலாம். பக்கவால்வு எஞ்சின், ஹெட் என்பது வெறும் மூடிதான். அதில் வால்வும் இல்லை, செயினும் இல்லை. ஒன்பது வயதுக்கு இதைவிட நல்ல முதல் எஞ்சின் கிடையாது.

ஓரெட்டு

சரி, ஜான் டீர் வாபஸ். ஆனால் எஞ்சின்தான் இறுகிக் கிடக்கிறதே, பிஸ்டன் எப்படி மேலும் கீழும் போகும்? ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டால்?

கரிப்புகை

போடாதீர்கள்! நான் போட்டேன். பிஸ்டன் நகர்ந்தது, ஆனால் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அது அலுமினியம்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி விடுங்கள். கலக்குவதை நீங்கள் செய்யுங்கள், வெளியில் வைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல். ஹெட்டைக் கழற்றிவிட்டால் கலவை எங்கே நிற்கிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பாப்பா தினமும் ஸ்கேல் வைத்து மட்டத்தைக் குறிக்கட்டும். இறங்கினால் நல்ல செய்தி. தினமும் ஃப்ளைவீலை, அதாவது எஞ்சின் தண்டின் முனையில் இருக்கும் கனமான சக்கரத்தை, கையால் இப்படி ஒரு நெம்பு, அப்படி ஒரு நெம்பு. சுற்றப் பார்க்காதீர்கள், அசைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மறக்காமல் பிளக் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள், பேட்டரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இறுகிய எஞ்சின்தானே என்று எல்லோரும் அலட்சியமாக இருப்பார்கள். அது விடுபடும் நிமிடத்தை நம்மைக் கேட்டு முடிவு செய்யாது.

நான்காம்கியர்

ஹெட் வந்துவிட்டது. போல்ட் ஒன்று தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது, அந்தத் துக்கத்தைத் தனியாக எழுதுகிறேன். போல்ட்டெல்லாம் ஒரே நீளம் இல்லை என்று அவள்தான் கவனித்தாள். ஓர் அட்டையில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, ஓட்டை இருக்கும் இடத்திலேயே ஓட்டை போட்டு, அந்தந்த போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருக்கிறாள். எனக்குத் தோன்றாத யோசனை.

ஆறு நாள் கலவை ஊற்றினோம். மட்டம் முதல் நாள் 2 மில்லிமீட்டர் இறங்கியது, மூன்றாம் நாள் அசையவே இல்லை, ஐந்தாம் நாள் 9. ஆறாம் நாள் மாலை வழக்கம்போல ஃப்ளைவீலைப் பிடித்து நெம்பினேன். பழைய கதவு திறக்கிற மாதிரி மெல்ல ஒரு முனகல், பிஸ்டனின் ஓரத்தில் எண்ணெய்க் கோடு ஒன்று கீறியது. அவ்வளவுதான். ஒரு நூல் நகர்ந்திருக்கும். ஆனால் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் முழுச் சுற்று வந்தது. பிஸ்டன் அடியில் இருக்கும்போது வெர்னியரின் வால் கம்பியை இறக்கி அளந்தாள். 70 மில்லிமீட்டர். 2.75 அங்குலம் என்றால் 69.85. கே181!

நட்டுபோல்ட்டு

அவசரம் வேண்டாம். பிஸ்டன் மேலே வரும்போது விளிம்புக்குச் சரிசமமாக நிற்கிறதா? இல்லையென்றால் மேலேயும் அளந்து கழிக்க வேண்டும். சிலிண்டரின் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள், சிசி போட்டுப் பார்க்கலாம். ஒரு சாட்சியைவிட இரண்டு சாட்சி மேல்.

நான்காம்கியர்

அளந்தோம். மேலே ஏறக்குறையச் சரிசமம், வெர்னியரில் வித்தியாசம் பிடிபடவில்லை. விட்டம் 74.6. பள்ளியில் உருளையின் கன அளவு இன்னும் வரவில்லையாம், அதனால் ஒரு டம்ளரை வைத்து விளக்கினேன். வட்டத்தின் பரப்பு, அதை உயரத்தால் பெருக்கு. ஆரம் 37.3, உயரம் 70. கணக்கு 306 சிசி என்று வந்தது. கே181க்கு 18.6 கன அங்குலம், அதாவது 305. ஒரு சிசி எங்கே போனது என்று கேட்டாள். வெர்னியர் பிடித்த கை நடுங்கியதில் போயிருக்கும் என்றேன். “யார் கை?” என்றாள்.

‘தெரியாதது’ பத்தியில் ஒரு வரி அடிக்கப்பட்டது.

மழைக்காகிதம்

அந்த ஒரு சிசிக்காகவே இந்த இழையை நான் விடாமல் படிக்கப்போகிறேன்.

நட்டுபோல்ட்டு

கே181 என்றால் 8 குதிரைசக்தி. எஞ்சின் வண்டியோடு பிறந்ததாக இருந்தால் மாடல் நம்பர் 8ல் ஆரம்பிக்கும். 854, 855, 856, 857 எல்லாம் உண்டு. என் ஊகம் 856. பந்தயம் கட்டுவேன்.

அடுத்து ஹெட். தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் உப்புத்தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, ஹெட்டை எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். முதலில் ஹெட்டின் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கட்டம் கட்டமாகக் கிறுக்கச் சொல்லுங்கள். மேடான இடத்தில் கிறுக்கல் முதலில் அழியும், பள்ளத்தில் நிற்கும். எல்லாக் கோடும் அழிந்தால் தட்டையாகிவிட்டது. பெயிண்ட் இல்லாத வெறும் அலுமினியம் என்பதால் இதை அவளிடம் கொடுக்கலாம், கரியை மட்டும் நீங்கள் முன்பே ஈரத்தோடு சுரண்டிவிடுங்கள்.

புதுக் கேஸ்கெட் போட்டு முடுக்கும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) இல்லாமல் முடுக்காதீர்கள். இந்தச் சின்னக் கே வரிசைக்கு 15லிருந்து 20 அடி-பவுண்டு. ஒரே மூச்சில் ஏற்றாமல், நடுவிலிருந்து ஆரம்பித்து எதிரெதிராக, ஐந்து ஐந்தாக.

கரிப்புகை

முறிந்த போல்ட்டுக்கு: நடுவில் சரியாகக் குத்தி, இடக்கைத் துரப்பண முனை (எதிர்ப்பக்கமாகச் சுற்றித் துளைப்பது) போட்டுப் பாருங்கள். பாதி நேரம் துளைக்கும்போதே அது பிடித்துத் திருகி வெளியே கொண்டுவந்துவிடும்.

துருப்பிடித்த சின்னச் சாமான்களுக்கு மின்சார முறை சொல்லலாமா? ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா. துருப்பிடித்த சாமான் சார்ஜரின் நெகட்டிவில், பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தகடு பாசிட்டிவில்.

மழைக்காகிதம்

எவர்சில்வர் கூடவே கூடாது! அதிலிருக்கிற குரோமியம் பாசிட்டிவ் பக்கத்தில் கரைந்து விஷமான குரோமேட்டாகத் தண்ணீரில் இறங்கும். சாதாரண இரும்புத் தகடு போடுங்கள், அது தேய்ந்துபோனால் இன்னொன்று. குமிழி குமிழியாக வருவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில் வையுங்கள். சாமானைத் தொடுவதற்கு முன் சார்ஜரை அணையுங்கள். அலுமினியச் சாமானை இதில் போட்டால் சோடாவே தின்றுவிடும்.

கரிப்புகை

சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. ஐந்து வருடமாக எவர்சில்வர் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஏன் மஞ்சளாகிறது என்று யோசித்ததே இல்லை.

நான்காம்கியர்

இடக்கை முனை வேலை செய்தது! போல்ட் தானாகவே ஏறி வந்தது.

இப்போது இருபது நட்டு விவகாரம். பெட்ரோல் டேங்க் உள்ளே துருவும் பழைய பிசினும். முதலில் டேங்கை நன்றாகக் கழுவி, பெட்ரோல் வாடை போகக் காயவைத்தேன். நட்டுகளைப் போட்டுச் சோப்புத் தண்ணீரோடு குலுக்கினால் துரு உதிரும் என்று இங்கேதான் படித்தேன். எண்ணிப் போடு என்றேன். இருபது போட்டாள். இருவரும் டேங்கை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினோம். கொட்டினால் பத்தொன்பது.

நூலில் காந்தம் கட்டி விட்டுத் துழாவினோம், ஒன்றும் ஒட்டவில்லை. விட்டுவிடலாம், அதுபாட்டுக்கு உள்ளே கிடக்கட்டும் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கவிழ்த்து, சாய்த்து, தட்டி, முக்கால் மணி நேரம். கடைசியில் விழுந்தது, பித்தளை நட்டு. காந்தம் எப்படிப் பிடிக்கும்? டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுத்தது நான்தான்.

ஓரெட்டு

அதுபாட்டுக்கு உள்ளே கிடந்திருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் சலங்கை கட்டிய வண்டியாக ஓடியிருக்கும்.

நட்டுபோல்ட்டு

டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கார்புரேட்டரின் ஊசித் திருகுகளை உள்ளே திருகும்போது லேசாகத் தட்டினவுடன் நிறுத்துங்கள், முடுக்கினால் ஊசி முனையில் பள்ளம் விழும். அப்புறம் வெளியே ஒன்றரை, இரண்டு சுற்று. ஓட ஆரம்பித்த பிறகு காதால் சரிசெய்யலாம்.

எண்ணெய் மட்டத்தை ஒவ்வொரு தடவையும் பார்க்கும் பழக்கத்தை இப்போதே அவளுக்குப் போட்டுவிடுங்கள். இதில் எண்ணெய் பம்பு கிடையாது. ராடின் அடியில் இருக்கும் ஒரு சின்னக் கரண்டி எண்ணெயை வாரி அடிப்பதுதான் மொத்த ஏற்பாடும். மட்டம் குறைந்தால் கரண்டி காற்றைத்தான் வாரும்.

இனி தீப்பொறி. பக்கவாட்டில் சின்ன மூடிக்கு அடியில் பாயின்ட் இருக்கும், பிரியும்போது பொறியை உண்டாக்கும் சின்ன சுவிட்ச் அது. இடைவெளி 0.020 அங்குலம், அரை மில்லிமீட்டர். பிளக்குக்கு 0.035. ஆனால் ஃபீலர் கேஜோடு (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நிறுத்தாதீர்கள். ஃப்ளைவீலைப் பார்க்க ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியே எஸ் என்ற எழுத்தும் டி என்ற எழுத்தும் தெரியும். எஸ் என்பது பொறி விழ வேண்டிய இடம், டி என்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பாயின்ட்டுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பாயின்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணத்தில் ஓட்டைக்கு நேராக எஸ் நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணையுங்கள், இல்லாவிட்டால் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் வெந்துவிடும்.

நான்காம்கியர்

இந்த வேலை இத்தனை பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எஸ் கோட்டின் மேல் பல் குத்தும் குச்சியால் வெள்ளைப் பெயிண்ட் வைத்தாள். நான் ஃப்ளைவீலைச் சுற்ற, அவள் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “வருது... வருது... எஸ்!” பல்பு எரியவில்லை. அரை விரல் தாண்டி எரிந்தது. பாயின்ட்டைக் கொஞ்சம் அகற்றினேன். இந்தத் தடவை முன்னாலேயே எரிந்தது. எட்டாவது முறை அவள் “எஸ்” என்று சொன்ன வாய் மூடுவதற்குள் பல்பு வந்தது. இன்னொரு தரம் சுற்றச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தரம். சரியாகிவிட்ட பிறகும் ஐந்தாறு தடவை சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு காலை ஓடியது. முதலில் ஒரு தும்மல், அப்புறம் வெள்ளைப் புகை (கலவையின் மிச்சம்), அப்புறம் டுக் டுக் டுக். காதைப் பொத்தும் மஃப் போட்டிருந்தாள், ஆனாலும் கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஒரு சிக்கல். இதில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றே, பெல்ட்டால் சுற்றுவது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கமே நிற்கிறது.

கரிப்புகை

பல வருடம் பேட்டரி இல்லாமல் கிடந்ததால் டைனமோவின் உள்காந்தம் தூங்கிப்போயிருக்கும். எஞ்சின் நிற்கும்போது, ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் கண் சிமிட்டும் நேரம் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். வைத்துப் பிடிக்காதீர்கள்.

மழைக்காகிதம்

ஓட ஆரம்பித்துவிட்டதால் கேட்கிறேன். யார் ஓட்டப்போகிறார்கள்? அந்தக் கால வண்டியில் இருக்கையை விட்டு இறங்கினால் எஞ்சின் நிற்கும் ஏற்பாடு கிடையாது.

ஓரெட்டு

அக்கா, அவ்வளவு பாடுபட்ட பிள்ளை ஒரு சுற்றாவது ஓட்ட வேண்டாமா? மடியில் உட்கார வைத்தாவது?

மழைக்காகிதம்

மடியில்தான் வேண்டவே வேண்டாம். ஒரே இருக்கை, ஒரே ஆள். குழந்தை நழுவி விழும் இடம் பின்சக்கரத்துக்கு முன்னால்தான்.

நான்காம்கியர்

வெட்டும் தட்டை முதல் நாளே கழற்றித் தனியாக வைத்துவிட்டேன். அது இந்த வண்டிக்குத் திரும்ப வரப்போவதில்லை. மடி கிடையாது. எஞ்சின் ஓடும்போது அவள் இடம் வாசற்படி. நின்றிருக்கும்போது ஏறி உட்கார்ந்து எல்லாக் கியரையும் போட்டுப் பார்ப்பாள், சாவி என் சட்டைப்பையில். முகம் கொஞ்சம் வாடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்சும் கிளட்ச் மிதியில் ஒன்றும் போட நினைக்கிறேன். இருக்கைச் சுவிட்சைக் காயிலின் வயரை எஞ்சின் உடம்போடு சேர்க்கிற மாதிரி போட்டால் எஞ்சின் நிற்கும்தானே?

கரிப்புகை

அது மேக்னெட்டோ எஞ்சினுக்கு, பேட்டரி இல்லாமல் தானே பொறி உண்டாக்குகிற வகைக்கு. உங்களுடையது பேட்டரிக் காயில். அதை உடம்போடு சேர்த்தால் வயர்தான் எரியும். காயிலுக்குப் போகும் 12 வோல்ட்டை அறுக்கிற மாதிரி, வரிசையில் போடுங்கள். கிளட்ச் சுவிட்சை ஸ்டார்ட்டர் வயரில்.

நான்காம்கியர்

நல்ல வேளை, கேட்டேன். இரண்டும் போட்டாகிவிட்டது. டைனமோவும் விழித்துவிட்டது. பொறி வந்தது, எஞ்சினைப் போட்டதும் முள் மெதுவாக நடுக்கோட்டைத் தாண்டி பிளஸ் பக்கம் போனது. “இந்தக் கோட்டத் தாண்டினா சம்பாதிக்குது, தாண்டலேன்னா செலவு பண்ணுது” என்று எழுதி வைத்திருக்கிறாள்.

கடைசியாக பானட். ஐயா சொன்னபடி இதுவரை தொடாமல் வைத்திருந்தோம். ஒரு பக்கம் முழுக்க ஏற்கெனவே யாரோ சாணை போட்டிருக்கிறார்கள், அங்கே ஒன்றுமில்லை. மறுபக்கம் இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைப் பானட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்தோம். பகலில் வழவழவென்று தெரிந்த பச்சையில் மேடு பள்ளமெல்லாம் நிழல் கட்டி எழுந்தது. முதலில் 8. பிறகு 5. மூன்றாவது இடத்தில் பெயிண்ட் வழிந்து தடித்திருந்தது.

மறுநாள் அந்த இடத்தில் மட்டும் களிம்பை மெல்லிசாகத் தடவி, மரக்குச்சியால் ஒவ்வொரு பூச்சாக எடுத்தேன். கையுறையோடு, அவள் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்க்க. ஒரு சாய்ந்த கோடு வந்தது. அதிலிருந்து ஒரு படுக்கைக் கோடு. படுக்கைக் கோடு நிற்கிற கோட்டைத் தாண்டி வலப்பக்கம் துளி நீண்டிருந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து நான்கு விரல் தெரிந்தது.

854. 1964.

சிவப்பு அடிக்கப்போகிறோம். ஆனால் இருக்கைக்கு அடியில், பிரஷ் மயிர் ஒட்டியிருக்கிற உள்ளங்கை அகலப் பச்சையை அப்படியே விடச் சொல்லியிருக்கிறாள். நிறமில்லாத பூச்சு ஒன்றை அதன்மேல் அடித்து மூடிவிடுவேன்.

மழைக்காகிதம்

படம் போடுங்கள். வண்டியை அல்ல, நோட்டின் முதல் பக்கத்தை.

நட்டுபோல்ட்டு

856 என்று பந்தயம் கட்டியவன் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். சரி, பின்சக்கரத்துக்குக் காற்று எவ்வளவு வைத்திருக்கிறாய் தம்பி? கார் டயர் மாதிரி அடித்துவைக்கவில்லையே?

நான்காம்கியர்

30.

நட்டுபோல்ட்டு

உடனே இறக்கு! பத்துக்குக் கீழே.